கண்ணாடி வீடு கைமாறிய வாரம்

கள்ளக்குறிச்சியில் இதுவரை விலைபோன வீடுகளில் எது அதிக விலைக்குப் போனது என்று கேட்டால், இன்றைக்கு எல்லோரும் புறவழிச்சாலைப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு அங்கே கோடி என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. நான் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஒரு வீட்டின் விலையை அது விற்ற ஆண்டின் நெல் விலையோடும் பவுன் விலையோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் முதலிடம் 1987 செப்டம்பரில் கைமாறிய கண்ணாடி வீட்டுக்குத்தான். எங்கள் ஊரில் லட்சங்களில் பேசி முடித்த முதல் குடியிருப்பு வீடு அது என்றே நினைக்கிறேன். தொகையை இங்கே எழுதப் போவதில்லை. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரிந்தது அது பதிவான திங்கட்கிழமை. அதில் என் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

அப்போது நான் கரண்டு ஆபீசில் ரீடிங் எடுக்கும் வேலையில் இருந்தேன். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, பக்கத்தில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு வர வேண்டும். கண்ணாடி வீட்டின் மீட்டர் தலைவாசலைத் தாண்டியதும் நடையில் இருந்தது. அங்கே நின்று பார்த்தால் முற்றம் தெரியும், அதைச் சுற்றி இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள் தெரியும். மாடிப்படியின் அடிப்பகுதி தெரியும். அதன் மேல் ஒரு கதவு, கதவில் பூட்டு.

மாடியைத் தெருவிலிருந்துதான் நான் பார்த்திருக்கிறேன். சன்னல்களுக்கு மேலே அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிகள். முன்பக்கம் சாலையைப் பார்த்துக் கிழக்கே சன்னல்கள், பின்பக்கம் மேற்கே சன்னல்கள். மாலை வெயில் பின்னால் நுழைந்து முன்கண்ணாடி வழியாக வெளியே வரும்போது, உள்ளே ஏதோ திருவிழா நடப்பது போலிருக்கும். ஆனால் அட்டையைப் பார்த்தால் கடைவீதியில் ஒரு டீக்கடைக்கு ஆகிற யூனிட்கூட அந்த வீட்டுக்கு ஆகியிருக்காது. மீட்டர் நின்றுவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் விரலால் தட்டிப் பார்ப்பேன். நிற்கவில்லை, மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அவ்வளவு கொஞ்சம் வெளிச்சம்.

வீட்டைக் கட்டியவர் நெல் வியாபாரம் செய்த நிலக்காரர். எந்த ஏற்பாடும் எழுதி வைக்காமல் இறந்துபோனார். மகன் ரைஸ் மில் நடத்தினார். குடும்பத்தோடு மில் பக்கத்திலேயே புது வீட்டுக்குப் போய்விட்டார்; பழைய வீட்டில் காவலாள் மட்டும். மகள் கல்வராயன் மலையில் இருந்தார். அவர் கணவர் வெள்ளிமலைப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார்; அதனால் ஊருக்கு அவர் வாத்தியாரம்மா. வீடு விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும்.

வாங்க வந்தவர் புளி வியாபாரி. பாய் என்றால் ஊரில் யாருக்கும் தெரியும். மலைச் சந்தையில் புளியும் கடுக்காயும் எடுத்து வந்து விற்பவர். கடைவீதியில் அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் ஒரே ஒடுக்கமான வீட்டில் இருந்தார்கள். இருந்த ஒரே சன்னலையும் பக்கத்துக் கட்டடம் அடைத்துவிட்டது. அங்கே ரீடிங் எடுக்கப் போகும்போதெல்லாம் பாயின் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, கண்ணாடி வூட்டுக்குப் போறீங்களே, மாடி எப்டிப்பா இருக்கும்?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? மீட்டரு கீழதான் இருக்குது."

"இன்னா ஆளுப்பா நீ. அங்க போயும் மீட்டரத்தான் பாத்துகினு வருவியா?"

பாய் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தார். கெடு அந்தத் திங்கட்கிழமை. இடையில் சேலத்துப் பார்ட்டி ஒன்று, வீட்டை இடித்து லாட்ஜ் கட்டுவதற்காக, இன்னும் அதிகம் தருவதாகச் சொல்லி அனுப்பியது. ரைஸ் மில்காரரின் மகனுக்கு அதில்தான் மனம். கெடு தானாக முடிந்தால் பேச்சு முறிந்த பழி தங்கள் மேல் வராது என்பது அவன் கணக்கு.

அதற்கு ஏற்றாற்போல் வியாழக்கிழமை, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மாவட்டம் முழுக்கப் பஸ் நின்றது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பதாகச் சொன்னார்கள். மலையிலிருந்து வாத்தியாரம்மா இறங்கி வர வழியில்லை. பாய் ஞாயிறு மாலை என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, மறியல்ல குந்திகினு இருக்கற பசங்கல்லாம் உங்க ஊர்க்காரங்கதானே? விடிஞ்சதும் கச்சிராயபாளையம் வரைக்கும் கூட வரணும். அங்கருந்து நான் மலை ஏறிக்குவேன்."

"ஏறி, அவங்கள எப்ப கூட்டிக்கினு வருவீங்க பாய்? கெடு நாளைக்குத்தானே?"

"அத கேக்காத தம்பி. கேட்டா என் காலு நின்னுடும்."

மறியல் செய்தவர்கள் கேட்டது என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். என் தம்பி படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்தான். வியாழக்கிழமையிலிருந்து அவனும் சாலையில்தான் இருந்தான். ஆனாலும் அந்தக் காலையில் பார்த்த சாலைக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒரு வண்டிச் சத்தம் இல்லை. தார்ச்சாலையில் மைனாக்கள் நடந்துகொண்டிருந்தன. குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் கிடந்தன. நின்றபோது தெரியாத பருமன் படுத்தபோது தெரிந்தது; சில இடங்களில் மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியவில்லை. பாய் ஒரு மரத்தின் பட்டையில் கையை வைத்துக்கொண்டு, "இது நல்லா காய்க்கற மரம்" என்றார். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவன், "கோச்சுக்காதீங்க பாய், எங்களுக்கு வேற வழி தெரியல" என்றான். பாய் தலையசைத்தார். மூன்று பேருமாகச் சைக்கிள்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம்.

கச்சிராயபாளையத்தில் டீக்கடை பெஞ்சில், செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, வாத்தியாரம்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், இவ்ளோ நேரமா? நான் நேத்தே இறங்கிட்டேன். இங்க எங்க வூட்டுக்காரர்கிட்ட படிச்ச பொண்ணு வூட்ல படுத்திருந்தேன்."

பாய் அந்தச் செருப்பைப் பார்த்தார். "நடந்தாம்மா வந்தீங்க?"

"பஸ்ஸு ஓடாதுன்னு ரேடியோவுல சொன்னான். காலு ஓடாதுன்னு சொல்லல."

டீ வந்தது. குடிக்காமல் பாய் சொன்னார்: "அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். சேலத்துப் பார்ட்டி ஜாஸ்தி தரான். உங்க பங்கும் ஜாஸ்தி ஆவும். தெரிஞ்சுக்கினு வந்தீங்கன்னா சரி."

"தெரியும். அவன் மாடிய இடிப்பான். நான் இன்னும் அத பாக்கல."

"நீங்க பொறந்த வூடுதானேம்மா?" என்றேன் நான்.

"பொறந்தேன். மாடியில பொறக்கல."

அவர் அப்பா காலத்தில் மாடி முழுக்க வியாபாரிகள், பெண்கள் ஏறக்கூடாது. பிறகு கல்யாணமாகி மலைக்குப் போய்விட்டார். அண்ணன் மாடியை ஆபீசாக்கிப் பூட்டிவிட்டார். அண்ணனிடம் கேட்டால் காட்டியிருக்க மாட்டாரா என்றேன்.

"கேட்டா காட்டுவான். எங்கப்பா வூட்ட நான் எதுக்குக் கேட்டுப் பாக்கணும்?"

என் சைக்கிளின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டார். முதல் மரத்திலேயே பையன்கள் நிறுத்தினார்கள்.

"வண்டி வுட மாட்டோம்."

"இது வண்டியாடா? காத்தடிச்சா ரெண்டு பேரும் வாய்க்கால்ல கெடப்போம்."

"எங்கம்மா போறீங்க?"

"கையெழுத்து போட."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். என் அம்மாவின் ஊர்ப் பையன் ஒருவன் என் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டே, "இன்னா மாமா, இது ரீடிங்கா, ஊர்வலமா?" என்றான். அடுத்த மரம் வரை எங்களோடு நடந்து வந்தான்.

பத்திரப்பதிவு அலுவலகம் திறந்திருந்தது, கூட்டம்தான் இல்லை. ரைஸ் மில்காரரும் அவர் மகனும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். மகன் முகம் மாறியது.

"அத்த! எப்டி வந்தீங்க?"

"ஏரோப்ளேன்ல."

அண்ணன் அவரை ஓரமாக அழைத்துப் போனார். "பாப்பா, ரெண்டு நாளு பொறுத்தா உனக்கும் நல்லதுதான். யோசிச்சுப் பாரு."

"மலை எறங்கற வரைக்கும் வேற இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? யோசிச்சுக்கினுதான் வந்தேன்."

பத்திரம் எழுதுபவர் வாசித்துக் காட்டினார். விற்பவர்கள் இருவர் என்று வந்த இடத்தில் வாத்தியாரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல வூடு என்துன்னும் எழுதியிருக்கா?"

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும் பாத்தியப்பட்டதுன்னு இருக்கு."

"கையெழுத்து போட்டுட்டா?"

"அப்புறம் பாயோடது."

"அப்ப இப்பவே சாவி குடுங்க. பாத்துட்டு வந்து போடறேன்."

பாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊரிலேயே அழகான மாடியை முதல் தடவையாகப் பார்க்கிற ஒருவர், பார்த்த கையோடு அதை விட்டுக்கொடுப்பாரா? மகன் சாவிக் கொத்தை உடனே எடுத்து நீட்டிய வேகத்தில் அவனும் அதையே நினைப்பது தெரிந்தது. அதிகாரி, சாப்பாட்டு வேளைக்குள் வந்துவிடச் சொன்னார். வீடு அடுத்த தெருதான். ஒப்படைக்கக் காலி செய்த வீட்டில் மெயின் அணைத்திருந்ததால் என்னைக் கூட அனுப்பினார்கள். செய்தி தெரிந்து பாயின் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டார். வெள்ளைத் துப்பட்டிக்குள் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

பூட்டு இறுகியிருந்தது. கதவு திறந்ததும் மூன்று பேரும் வாசற்படியிலேயே நின்றோம். முற்றத்துக்கு ஒரு பக்கமாக, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை ஒரே கூடம். குறுக்கே ஒரு சுவர், ஒரு தூண் இல்லை. தலைக்கு மேலே முழுக்கத் தேக்குப் பலகை. முற்பகல் வெயில் கண்ணாடிகள் வழியாக இறங்கிச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நிறம் நிறமாகக் கிடந்தது. மூலையில் மட்டும் பழைய சாக்குகளும் நெல் மாதிரிப் பொட்டலங்களும். நான் மெயினைப் போட்டிருந்தேன், ஆனால் ஒருவரும் சுவிட்சைத் தேடவில்லை. இத்தனை வருஷம் இதன் அடியில் நின்றுகொண்டு மீட்டரைத் தட்டியிருக்கிறேன். கோயில் மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன், அரண்மனைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். மனிதர் குடியிருக்கக் கட்டிய ஓர் இடத்தில் அப்படி மூச்சடைத்து நின்றது அன்று மட்டும்தான்.

வாத்தியாரம்மா அந்த நிறங்களை மிதிக்காமல் சுற்றி நடந்து பின்சன்னலுக்குப் போனார். கொக்கி வரவில்லை. பாயின் மனைவி வந்து இழுக்க, இருவருமாகத் திறந்தார்கள். மழை கழுவிவிட்ட வானத்தின் கீழ் மேற்கே கல்வராயன் மலை முழுசாக நின்றது.

வாத்தியாரம்மா சன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அங்கருந்து எத்தினியோ நாளு பாத்திருக்கேன். ஊரு இருக்கற எடம் தெரியும், வூடு தெரியாது. இங்க இத்தினி வருசமா யாரு பாத்தாங்க?"

வாத்தியாரம்மா பாயின் மனைவி பக்கம் திரும்பினார். "இங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"இன்னா பண்றது? சன்னலத் தொறந்து வெப்பேன். வேற ஒண்ணும் யோசிக்கலம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வாத்தியாரம்மா இன்னொரு முறை கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வாங்க, போய்ப் போட்டுடலாம். பாய் அங்க பயந்துகினு இருப்பாரு."

பதிவு முடிந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். மகன் வெளியே போய் நின்றான். மறியல் புதன்கிழமை வரை நீடித்தது. அதுவரை மலைக்குத் திரும்ப வழியில்லை. அண்ணன் மில் வீட்டுக்குக் கூப்பிட்டார், பாயின் மனைவி விடவில்லை. அவர்களே இன்னும் குடிவரவில்லை. ஆனாலும் கோரைப்பாயும் புது மெத்தையும் மாடிக்குப் போயின. தான் விற்ற வீட்டின் முதல் விருந்தாளியாக வாத்தியாரம்மா அந்தக் கூடத்தில், மேற்குச் சன்னலுக்குக் கீழே தங்கினார். சாலையில் நின்று பார்த்தேன். மாலையில் வெயில் இறங்கிய பிறகும் அந்தக் கண்ணாடிகள் எரிந்துகொண்டிருந்தன.

அடுத்த முறை ரீடிங் எடுக்கப் போனபோது அட்டையில் அதுவரை எழுதாத அளவு யூனிட். எனக்குச் சந்தேகம். பழக்கத்தில் விரலால் மீட்டரைத் தட்டினேன்.

மாடிப்படியின் கதவு திறந்திருந்தது. மேலேயிருந்து பாயின் மனைவியின் குரல் வந்தது.

"தட்டாத தம்பி, அது சரியாத்தான் ஓடுது. மேல வந்து பாரு."