பெடலில் தொங்கிய படிக்கல்

றம்ஸீனுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையில் கால்வாசி மற்றவர்கள் மேல் இருந்திருந்தால், இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது. மாத்தளை டவுனில் சைக்கிள் திருத்துகிறான். அவனுடைய வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். அவர் மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் தராசை விற்றுவிட்டு, முத்திரை குத்திய பத்துக் கிலோ இரும்புப் படிக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டான். மனிதர்கள் சொல்வதை நம்பமாட்டான். கல் சொன்னால் நம்புவான்.

சாம்பவி, கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் வேலை செய்த சிவசுப்பிரமணியத்தின் மகள். விடிந்ததும் பல்லேபொலப் பக்கம் சைக்கிள் ஓடுவாள். கனடாவிலிருந்து மாமா அவளுக்குப் பவர் மீட்டர் பெடல் அனுப்பியிருந்தார். மிதிக்கும் பலத்தை அளந்து, வாட் கணக்கில் போனுக்குச் சொல்லும் பெடல் அது. கொழும்பில் இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணியொன்றில் ஓர் இடம் இருந்தது. இருபது நிமிடம் இருநூற்றிருபது வாட் மிதித்த பதிவை மாத முடிவுக்குள் அனுப்பினால் அந்த இடம் அவளுக்கு. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்துமூன்று முடிகிறது.

அந்த நேரம் பார்த்துக் கிராங்கில் வெடிப்பு விழுந்தது. பெடலைத் தாங்கும் அந்தத் தண்டுக்குப் பதிலாக றம்ஸீன் கண்டியிலிருந்து வேறொன்று எடுத்து வந்து பூட்டினான். அன்றிலிருந்து அவளுடைய வாட் இறங்கியது.

"நானா, கால் நல்லாத்தான் இருக்கு. பெடல் குறைச்சுக் காட்டுது போல. ஒருக்காப் பாருங்கோ" என்றாள் சாம்பவி. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நானும் அன்று கடையில் இருந்தேன். குறை சொல்ல முடியாதபடிதான் பார்த்தான். பெடலைப் பிடித்து அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தான். பற்றரி மூடியைக் கழற்றி ஈரம் துடைத்து ரப்பர் வளையத்தை மாற்றினான். போனில் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான். கடைசியில் கிராங்கைக் கிடையாக நிறுத்தி, கயிற்றில் படிக்கல்லைக் கட்டிப் பெடலில் தொங்கவிட்டான். போன் பத்துக் கிலோ என்றது. மற்றப் பக்கமும் பத்து.

"வாப்பாட கல்லு பொய் சொல்லாது தங்கச்சி. ஒங்கட காலுதான் பொய் சொல்லுது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைக்க இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்று தடவை முயன்றாள். கடைசித் தடவை வீதியோரத்தில் விழுந்து வாந்தி எடுத்தாள். போன் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அணி வேறொருத்தியை எடுத்தது. சாம்பவி பெடலோடு சைக்கிளை விற்றாள். வாங்கியவன் நான்தான். எனக்கு வாட் எதற்கு, தொந்தி கரைந்தால் போதும் என்று இரண்டு வருடம் சும்மா ஓடினேன்.

போன மாதம் ஆசை வந்து, பெடலை என் போனில் இணைத்துத் தரும்படி றம்ஸீனிடம் சொன்னேன். இணைக்கும்போது, பெடலில் முன்பே பதிந்திருந்த கிராங்கின் நீளம் திரையில் வந்தது. நூற்று அறுபத்தைந்து மில்லிமீற்றர். றம்ஸீன் கிராங்கின் உட்புறத்து அழுக்கைத் துணியால் துடைத்தான். நூற்று எழுபத்திரண்டரை என்று பொறித்திருந்தது.

எடையைச் சொல்ல அந்த நீளம் தேவையில்லை, வாட்டைச் சொல்லத் தேவை; நீளம் குறைவாகப் பதிந்திருந்தால் வாட்டும் குறைவாகவே காட்டும். புதுக் கிராங்கைப் பூட்டியவன் போனில் நீளத்தை மாற்றவில்லை. றம்ஸீன் கணக்குப் போட்டான். போன் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டிய அன்று சாம்பவி உண்மையில் மிதித்தது இருநூற்று இருபத்தொன்று.

"மச்சான், இது நம்மளோட இருக்கட்டும்" என்றான்.

நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது சாம்பவியே வந்து நின்றாள், தகப்பனுடைய பழைய சைக்கிளுக்குக் காற்றடிக்க. இப்போது ஒரு பாமசியில் வேலை. தன் சைக்கிளைக் கண்டதும் சீற்றை ஒருமுறை தொட்டாள்.

"நானா, உங்களில கன நாள் கோவமா இருந்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி, என்ர காலிலதான் பலம் காணாது. சும்மா பெடலில பழியைப் போட்டுட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் பம்பிலிருந்து நிமிரவில்லை. அவன் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவன் பயந்திருப்பான். போன் என் கையில்தான் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன் தங்கச்சி" என்றான் றம்ஸீன்.

அவள் பேர்ஸைத் திறந்தாள். காற்றடித்ததற்குச் சல்லி வேண்டாம் என்றான். அவள் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.