தோங்கின் அடியில் ஒரு கைப்பிடி

எங்கள் வீட்டு அரிசியில் வண்டு வந்தபோது பழி முதலில் மாமியாரின் கண்மேல்தான் விழுந்தது. போட்டது நானில்லை, என் கணவர். ஷா ஆலமில் ஆபீஸில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர், சோற்றில் கடுகு கிடக்கிறது என்று நினைத்தாராம். வெறும் வெள்ளைச் சோற்றில் கடுகு எப்படி வரும் என்று உற்றுப் பார்த்திருக்கிறார். கடுகுக்குக் கால் இருந்தது. வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல லா. பாவம், இன்னும் எத்தனை நாளைக்குச் சமைப்பாங்க? பேசாம கேட்டரிங் சொல்லிடலாம்."

அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் கிள்ளானில் எங்களுடையது சின்ன வரிசை வீடு. வாசலில் பேசுவது அடுப்படியில் கேட்கும். அத்தை அங்கே கரண்டியோடு நின்றிருந்தார்.

அவருக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். என்ன பிரயோசனம்? டாக்டர் ஆயிரம் சொன்னாலும், பெற்ற பிள்ளை சொன்னதுதான் மனதில் தங்கும். மறுநாளிலிருந்து அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தார், விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அப்படியும் ஒன்றிரண்டு தப்பி வந்து சோற்றில் கிடந்தன.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அடுப்படி முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். அதையும் பிடுங்கிவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு உட்கார ஒரு சோபாதான் மிஞ்சும். என் கணவருக்கு இது புரியவே இல்லை. எனக்குப் புரிந்தது, அதனால் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் அத்தை காஜாங்கில் இருக்கும் தன் மகளிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "இங்க என்னால ஒரு உபயோகமும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு." கல்யாணமான புதிதில் அவரோடு சண்டை போடாத நாளில்லை. இப்போது அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சரி, எரிச்சலை வண்டின்மேலேயே காட்டுவது என்று இறங்கினேன். அரிசி கொட்டி வைக்கும் பெரிய பீப்பாய், அந்தத் தோங்கில் காய்ந்த மிளகாய் போட்டேன். கோயில் மரத்து வேப்பிலையை உலர்த்திப் போட்டேன். யாரோ சொன்னார்கள் என்று பிரியாணி இலையும் போட்டேன். சோறு கொஞ்சம் வாசமாக வந்ததே தவிர, வண்டு குறையவில்லை. மறுநாள் திறந்து பார்த்தால் வேப்பிலைமேலேயே ஒன்று உலாத்திக்கொண்டிருந்தது. அடுத்து மளிகைக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் பதிலுக்குச் சத்தம் போடாமல், வேறு மார்க் அரிசிப் பையை எடுத்துக் காரில் வைத்தார்.

சனிக்கிழமை அந்தப் பையைப் பிரித்து முறத்தில் பரப்பி அத்தையும் நானும் பார்த்தோம். ஒரு பூச்சி இல்லை. தோங்கும் அநேகமாகக் காலியாகத்தான் இருந்தது. கவிழ்த்து நன்றாகத் துடைத்துவிட்டுக் கொட்டலாம் என்று தூக்கினேன்.

"இரு இரு, கவுக்காத," என்றார் அத்தை. "அடியில ஒரு கைப்பிடி இருக்கணும்."

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூடாது, வாங்க வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். தோங்கும் காலியாகக் கூடாது. பழைய அரிசி அடியில் கிடக்கும், புதிது மேலே விழும், நாங்கள் மேலிருந்தே அள்ளுவோம். கொழுந்தனார்கள் எல்லாம் இங்கேயே இருந்த காலத்தில் பை வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், வண்டுக்குப் பெருக நேரமிருக்காது. இப்போது மூன்று பேர்தான், ஒரு பை வாரக்கணக்கில் கிடக்கிறது. அப்படியென்றால் அடியில் இருக்கும் அந்தக் கைப்பிடி எத்தனை வருஷத்துக் கைப்பிடி?

போன் டார்ச்சைப் போட்டுத் தலையை உள்ளே விட்டேன். பாதி அரிசி மாவாகிக் கிடந்தது. அந்த மாவு மெல்ல அசைந்தது. அருவருப்போடு சிரிப்பும் வந்துவிட்டது. அத்தையைக் கூப்பிட்டேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"அந்தா, உள்பக்கம் விளிம்புகிட்ட ஒண்ணு ஏறுது பாரு."

நான் தேடினேன். அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"அத்தை, எனக்கே தெரியல. உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க பொறுக்கப் பொறுக்க இது உள்ளேருந்து வந்துக்கிட்டே இருந்திருக்கு."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கண்ணு இல்ல," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாளும் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது.

ஆனாலும் அந்தக் கைப்பிடியைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. சலித்துப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் வண்டும் முட்டையும் செத்துவிடும் என்றேன். அவர் யோசித்தார். வீட்டுக்குள்தானே இருக்கிறது, வீடு காலியில்லை என்று சமாதானமானார். அதன் பிறகு தோங்கைச் சுடுதண்ணீரில் கழுவி, கார் நிறுத்தும் இடத்து வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காஜாங்கிலிருந்து நாத்தனார் வந்து, அம்மாவின் துணிப்பை எங்கே என்று கேட்டார். "எங்க வர்றது? இன்னும் ரசம் தாளிக்கல. உக்காந்து சாப்பிட்டுப் போ," என்று அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் மூச்சு விட்டேன்.

என் கணவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"சோத்துல கறுப்பா ஏதாச்சும் இருந்துச்சாப்பா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா? எதுக்கும் ஒருதடவ டாக்டர்கிட்டக் கண்ணைக் காட்டிட்டு வந்துடு லா."