கைக்குத் தெரியாத கடல்

மாமா என் பட்டறைக்கு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டையில் மேல் பொத்தான் போடப்படாமல் இருந்தது. பூசை முடிந்து நேராக வந்திருந்தார். கோயிலுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு போகிறவர். வெயிலில் நின்றபடியே வலது கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை குழிந்துபோயிருந்தது. "பாரை இழுக்க முடியல மச்சான். டிராக்டருக்குப் போடற மாதிரி படகுக்கு ஒரு எண்ணெய் ஸ்டியரிங் போட்டுக் குடு" என்றார்.

மாமா என் அக்காவின் கணவர். பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், விசைப்படகுகளுக்கு ஓரமாக, ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகு ஒன்று கிடந்தது. அதை வாங்கி, பாய் மாற்றி, பெயிண்ட் அடித்து, காற்று நன்றாக இருக்கிற நாளெல்லாம் கடலுக்குப் போய்வருவார். அந்தப் படகை அக்கா 'உங்க மாமாவோட சின்ன வீடு' என்பாள். படகின் சுக்கானைத் திருப்புவது ஒரு நீளமான மரப்பிடி. அதைத்தான் அவர் பிரான்சில் பழகிய வாய்க்கு 'பார்' என்பார். காற்று ஏறினால் அந்தப் பிடியை உடம்பு பலம் முழுவதும் கொடுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பே பார்த்தாகிவிட்டது. தசைகளை அசைக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் என்றும், மருந்தால் திருப்ப முடியாது என்றும் டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். பலம்தான் போகும், தொடு உணர்ச்சி கடைசிவரை போகாது என்றும் சொன்னார். அதை ஓர் ஆறுதல் போலத்தான் நாங்கள் அன்று கேட்டுக்கொண்டோம்.

டிராக்டர், பொக்லைன் ஹைட்ராலிக் வேலைதான் என் பிழைப்பு. படகுக்குச் செய்ததில்லை. ஆனால் முடியாது என்று சொன்னால் ஏன் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு எங்கள் மூவருக்குமே வேண்டாமாக இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பம்பு, பின்பக்கம் சுக்கானோடு இணைத்த ஒரு சிலிண்டர், நடுவில் எண்ணெய் ஓடும் இரண்டு குழாய்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். ஒரு விரலால் திருப்பலாம், தண்ணீர் எவ்வளவு மோதினாலும் கைக்குத் தெரியாது என்று பெருமையாகவே சொன்னேன். மாமாவின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று அக்கா சொன்னாள். அதுவரை வேண்டாத வேலை என்று நினைத்திருந்தவள் அவள்.

சாமான்கள் வந்து சேரவே நாளாயிற்று. வந்த பிறகு, சிலிண்டரை முடுக்க வேண்டிய பின்பலகை உள்ளுக்குள் மக்கிப்போயிருந்தது தெரிந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. அதை வெட்டி எடுத்துப் புதுப்பலகை வைத்து மேலே ஃபைபர் பூசுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ஃபைபர் காயவில்லை. நான் படகின் வயிற்றுக்குள் குப்புறப் படுத்து வேலை பார்ப்பேன். மாமா மேலே உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருப்பார். ஆரம்பத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். பிறகு அது அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அப்புறம் அவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. குழாய்களில் மாட்டியிருந்த காற்றை வெளியேற்றி, சக்கரம் சரியாகப் பிடித்த அன்று, அதை விரல்களால் சுற்றிப் பிடிக்க அவரால் முடியவில்லை. பழைய டிராக்டர்களில் இருப்பதுபோல ஒரு குமிழைச் சக்கரத்தில் பொருத்தினேன். உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தள்ளினால் போதும்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் கிளம்பினோம். பாய் ஏற்றி இறக்க, படகைப் பார்த்துக்கொண்டிருந்த கனகசெட்டிக்குளத்துக்காரர் வந்தார். முகத்துவாரத்தில் மணல் மேவியிருந்ததால், இன்ஜின் போட்டு மெதுவாக வெளியே வந்து, பாயை ஏற்றினார். மாமா சக்கரத்தில் உட்கார்ந்து குமிழைத் தள்ளினார். படகு சொன்னபடி திரும்பியது. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கைக்கு ஒண்ணும் வரல மச்சான்" என்றார்.

எண்ணெய் ஒரு பக்கம்தான் போகும், சுக்கானில் படும் வேகம் திரும்பி வராமல் பம்பிலேயே நின்றுவிடும், அப்படித்தான் அதன் அமைப்பு என்றேன். அவருக்கும் அது தெரியும். "பலம் போயிடும், தெரியறது இருக்கும்னாங்க. அந்தத் தெரியறது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம். அதையும் எடுத்துட்டோமே" என்றார். என்மேல் கோபம் அதில் இல்லை. எங்கள் இருவர் கைவேலையைப் பற்றி ஒரு செய்தி சொல்வது போலச் சொன்னார்.

அவசரத்துக்கென்று ஒரு வால்வு வைத்திருந்தேன். அதைத் திறந்தால் எண்ணெய் சும்மா சுற்றும், சுக்கான் விடுபடும். திறக்கச் சொன்னார். பழைய மரப்பிடியை மாட்டி நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குப் பக்கத்தில் அவர் உள்ளங்கையை எடுத்து மரத்தின்மேல் வைத்தேன். மரம் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அது வெறும் இழுவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப காத்து ஏறுது" என்றார். பிறகுதான் பாய் புடைத்தது. அவ்வளவு நேரம்தான். படகு சாய்ந்ததும் கை வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. துண்டால் கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், திரும்பிவிடலாம் என்றார். வால்வை மூடி, மரப்பிடியைக் கழற்றி வைத்தேன்.

அன்று கடலில் நடந்ததை நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை. அதன்பின் அவர் படகுக்கு வரவில்லை. கால் போயிற்று, பேச்சு குழறியது. சாயங்காலங்களில் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒருநாள் நெடுநேரம் முயன்று ஒரு வாக்கியம் சொன்னார். "கொசு கடிக்கறது தெரியுது மச்சான், அடிக்கத்தான் முடியல." நான் அவர் முழங்கையில் இருந்த கொசுவை அடித்தேன். அந்த இடத்தை அக்கா தேய்த்துவிட்டாள். அவர் எங்களிடம் முழுதாகச் சொல்லி முடித்த கடைசி வாக்கியம் அதுதான். அடுத்த மழைக்கு முன்பே போய்விட்டார்.

படகு இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தது. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் அதை வாங்குவதற்காகப் பார்க்க வந்தார். பாய் கிழிந்திருக்கிறது, இன்ஜின் பழசு என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தவர், சக்கரத்தை ஒரு விரலால் திருப்பிப் பார்த்து நின்றார். இத்தனை லேசாக இருக்கிறதே, யார் செய்த வேலை என்று கேட்டார். நான்தான் என்றேன்.

கரையில் நின்ற அக்கா, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள்.

"ஸ்டியரிங் ரொம்ப லேசா இருக்காம்."

அவள் படகைப் பார்த்தாள். "அன்னிக்கு உங்க மாமாவுக்கும் இப்படித்தான இருந்துச்சு?"

"ஆமாக்கா" என்றேன்.