பதினோராம் நாளின் ஓரத்துண்டு

பேக்கரி மாஸ்டர் தன் வீட்டுக்குள் நுழைவதே பெரிய கூத்தாகிவிட்டது. பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். வேலைச் சட்டையை மூடிபோட்ட வாளிக்குள் திணித்துவிட்டு, தலையோடு குளித்து, நகக்கண்ணில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று மனைவியிடம் பத்து விரலையும் நீட்டிக் காட்ட வேண்டும். அவள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மகளைத் தொடலாம். இருபத்திரண்டு வருஷமாக மாவுக்குள்ளேயே கிடந்த மனுஷனுக்கு, அந்த மாவே சொந்த வீட்டில் விஷமாகிப்போனால் அவர் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

மகளுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வாயில் இறங்கியது மொத்தம் நான்கே பொருள்: பால், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, அப்புறம் பிரெட்டின் ஓரத்துண்டு. நடுத்துண்டைக் கொடுத்தால் தூக்கி எறிவாள். ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புத் தோலாக இருக்கும் அந்த ஓரம்தான் வேண்டும். முதலில் கட்டைவிரலால் தோலைத் தடவுவாள், பிறகு முகர்வாள், அதற்குப் பிறகுதான் கடிப்பாள். ஒரு பிரெட்டுக்கு ஓரம் இரண்டு. வாங்குகிறவர்கள் யாருக்கும் அது பிடிக்காது. துண்டு போடும் இயந்திரம் ஒதுக்கித் தள்ளுவதை ரஸ்க்குக்குப் போடுவார்கள். அதிலிருந்து நல்லதாக நாலு பொறுக்கி எடுத்து வருவது மாஸ்டரின் வழக்கம். பேக்கரியில் எல்லாரும் அந்தப் பிள்ளையை 'ஓரத்துண்டு' என்றே செல்லமாகக் கூப்பிட்டார்கள். "ஓரத்துண்டு எப்படி இருக்கா மாஸ்டர்?" என்று விசாரிக்காத ஆள் கிடையாது.

அவளை எப்போதும் படுத்தியெடுத்தது வயிறு. நாலு நாள், ஐந்து நாள் வெளிக்கே போகமாட்டாள். பிறகு சுவரோரம் சுருண்டுகொண்டு அழுவாள், தன் மணிக்கட்டைத் தானே கடிப்பாள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு என்ன செய்ய?

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு மலச்சிக்கல் ரொம்ப சகஜம்மா. இந்த மருந்தை ஒரு நாளும் விடாம குடுங்க. வயிறு லேசானா தூங்குவா, அழுகையும் குறையும்."

"பேச்சு வருமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க."

அந்த முடிச்சுக்காகத்தானே அவள் போனதே! அதைப் போட்டுக் கொடுக்க வேறொருத்தி கிடைத்தாள். இதே மாதிரிப் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் இருபது பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண்மணி, தன் மகனைப் பத்தியத்தாலேயே பேசவைத்ததாகச் சொல்லிக்கொள்பவர், மற்றவர்களுக்கு வழி சொல்வார். மாஸ்டர் அவருக்கு வைத்த பெயர் வயித்தம்மா. "கோதுமையும் பாலும் நிறுத்துங்க, நாப்பது நாள். வயிறு சுத்தமானா மூளை தெளியும், பேச்சு தானா வரும்" என்றார் வயித்தம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நம்பித்தான் சொன்னார். எனக்குக் கோபமெல்லாம் அந்த 'தானா' மேல்தான். மூன்று வருஷம் காத்திருந்த ஒருத்தியிடம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா?

ஆக, டாக்டரின் மருந்தும் வயித்தம்மாவின் பத்தியமும் ஒரே திங்கட்கிழமையில் ஆரம்பமாயின. மனைவி ஒரு நோட்டுப் போட்டாள். சாப்பாடு, தூக்கம், அழுகை, வெளிக்குப் போனது, கண்ணைப் பார்த்தது என்று கோடு கிழித்து எழுதினாள். அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். மதியத்திலிருந்து கடை மூடும்வரை ஊரார் முகத்தில் ஃபிரேமை மாட்டி, அவர்கள் கண்ணை நேருக்கு நேர் பார்த்துச் சரிசெய்வது. பெற்ற பிள்ளையின் கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியதில்லை.

மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. அரிசி மாவிலும் சோள மாவிலும் ஒரு பிரெட் சுட்டுப் பார்த்தார். செங்கல் தோற்றது. மகள் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள், கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பெல்லாம் ஒரு வாரம்தான். பிள்ளை சாப்பாட்டையே விட்டுவிட்டாள். பழத்தில் இரண்டு வாய், கிழங்கில் ஒரு வாய், அவ்வளவுதான். முன்பெல்லாம் மாஸ்டர் வந்ததும் ஓடிவந்து அவர் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து அழுத்திக்கொள்வாள். பிரெட் வாசம் அங்கேதான் தங்கும். இப்போது சோப்பு வாசத்தோடு வருகிற ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருமுறை முகர்ந்தாள், தள்ளிவிட்டாள். அந்தத் தள்ளலை மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள், மனைவி கடைக்குப் போன பிறகு, மகளைத் தூக்கிக்கொண்டு பேக்கரியின் பின்பக்கம் போனார். மாவு மூட்டை நிறுக்கிற தராசில் அவளை உட்காரவைத்தார். போன மாதம் பதினேழு கிலோ இருந்தவள், இப்போது பதினைந்தரை. மாஸ்டர் மறுபடியும் நிறுத்துப் பார்த்தார், அதே பதினைந்தரைதான். தராசின் தகட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

பதினோராம் நாள் அவர் ஒரு ஓரத்துண்டை வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். மனைவி கிளம்பியதும் எடுத்துக் கொடுத்தார். பிள்ளை தடவினாள், முகர்ந்தாள், கடித்தாள். முழுசாகத் தின்று முடித்துவிட்டு அவர் முழங்கையில் மூக்கை வைத்தாள். மாஸ்டர் ஓவென்று அழுதார். பிறகு ஈரத்துணியால் தரையில் ஒரு தூள் விடாமல் துடைத்தார். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான்.

பதினாலாம் நாள் நோட்டில் மனைவி எழுதினாள்: 'இன்று காலை என்னைப் பார்த்தாள். பத்து எண்ணும்வரை பார்த்தாள்.' அதற்கு அடியில் இரண்டு கோடு. பிள்ளை விடியும்வரை தூங்கினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெளிக்குப் போனாள். மணிக்கட்டுக் காயம் ஆறியது. மனைவி குழுவுக்குக் குரலிலேயே செய்தி அனுப்பினாள்: "சத்தியமா சொல்றேன், பத்தியம் வேலை செய்யுது. நம்புங்க, விட்டுடாதீங்க." சொல்லும்போதே அழுதாள். பதிலுக்கு எத்தனையோ அம்மாக்கள் அழுதார்கள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அவள் முகத்தில் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாஸ்டர் வாயை மூடிக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று தினமும் நினைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். கோழை என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும். அந்த இடத்தில் நீங்களும் நானும் இருந்தால் என்ன கிழித்திருப்போம்?

இருபத்தைந்தாம் நாள் மனைவி கடைக்கு லீவு போட்டிருந்தாள். மாஸ்டர் குளித்துவிட்டு உள்ளே வந்தபோது, அவள் உருளைக்கிழங்குக் கூடையை ஒரு பைக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேலே வாழைப்பழச் சீப்பு வேறு.

"எங்க கொண்டு போற?"

"பக்கத்து வீட்டுக்குங்க. பத்தியத்துல அடுத்த படியாம். பாப்பாவுக்கு இவ்வளவு நல்லா வேலை செய்யுதே, கிழங்கையும் பழத்தையும் நிறுத்தினா பேச்சே வந்துடும்னு குழுவுல அந்தம்மா சொல்றாங்க."

"அப்புறம் அவ என்னத்தைச் சாப்பிடுவா?"

"காய் வேகவச்சுத் தருவோம். பசிச்சா சாப்பிடுவா."

"பசிச்சாலும் சாப்பிடமாட்டாம்மா. பத்து நாள் பாத்தோமே."

"இப்ப சாப்பிடுறாளே. கொஞ்சமாத்தான் சாப்பிடுறா, ஆனா தெம்பா இல்லையா? பத்தியம் புடிச்சிருச்சுங்க."

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் திருட்டுத்தனமாகக் கொடுத்த பிரெட்டால் வந்த தெம்பு, பிள்ளையின் மிச்சச் சாப்பாட்டையும் பிடுங்க வந்து நிற்கிறது. பையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடுத்தேன்."

"என்னத்தை?"

"ஓரத்துண்டு. பதினோராம் நாள்ல இருந்து. தினமும்."

அவள் கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். கத்தவில்லை. போய் நோட்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பதினாலாம் நாளில் விரலை வைத்தாள்.

"அப்ப இது?"

மாஸ்டர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார்.

"சொல்லுங்க. பத்து எண்ணுற வரைக்கும் பாத்தா. அது பத்தியமா, மருந்தா, பிரெட்டா? இல்ல, என்னையேதான் பாத்தாளா?"

"தெரியலைம்மா."

"உங்களுக்கும் தெரியலையா?"

"தெரியலை."

யாருக்குத்தான் தெரியும்? மருந்து குடித்ததால் வயிறு இளகியிருக்கலாம், வயிறு நிறைந்ததால் தூங்கியிருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் ஒரு பிள்ளை ஒரு காலையில் தன் அம்மாவைப் பார்க்கலாம். நோட்டில் அத்தனை கோடு கிழித்தும், பிரெட்டுக்கு என்று ஒரு கட்டம் அவள் போடவில்லை. போட அவளுக்கு எப்படித் தோன்றும்?

"மூணு பேர் நான் சொன்னதைக் கேட்டுட்டு அவங்க பிள்ளைங்களுக்குப் பாலை நிறுத்திட்டாங்க" என்றாள். "அதுல ஒண்ணு பாப்பாவை விட ஒல்லி. நான் இப்ப அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

போனை எடுத்தாள், கையிலேயே வைத்திருந்தாள், திரும்பக் கீழே வைத்தாள். பைக்குள்ளிருந்த கிழங்குகள் ஒவ்வொன்றாகக் கூடைக்குத் திரும்பின.

அவ்வளவு நேரமும் மகள் ஜன்னலோரம் திரைச்சீலையின் மடிப்பை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

மாஸ்டர் வாளிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார். அவள் பிரித்தாள். மகளுக்கு எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து, ஓரத்துண்டைத் தன் கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, இங்க பாருடா."

பிள்ளை திரும்பினாள். பழுப்புத் தோலையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். எட்டிப் பறிக்கவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மனைவி வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள், ஒண்ணு, ரெண்டு, மூணு என்று. பத்து வந்தது. துண்டை உடனே கொடுக்க அவளால் முடியவில்லை, தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.