வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து

பணி ஓய்வு பெற்ற அடுத்த மாதமே எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மயிலாப்பூர்த் தேரோட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, வீடு வீடாகப் போய் வாசலில் கேமரா வைக்கச் சொல்லிக் கெஞ்சுவது, இவைதான் வேலை. புடவைக்கு மேல் மஞ்சள் ஜாக்கெட்டை மாட்டினால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும். சாந்தோமில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே ஒருமுறை அதோடு போயிருக்கிறேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். ஒரு மாலை அவர் மூன்று வெள்ளைத் தாள்களை நீட்டினார்.

"டீச்சர், பொருள் எதுனா கைப்பத்துனா வெளியாள் சாட்சிக் கையெழுத்து வேணும். கூப்ட்டா எவனும் வர மாட்டேங்கிறான். நீங்க நம்ம ஆளு. அடியில போட்டுக் குடுங்க, நான் எழுதிக்கிறேன்."

நம்ம ஆளு என்றதில் குளிர்ந்துபோனேன். பரீட்சைத் தாளில் காலியான பக்கத்தைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டியவள், மூன்று தாள்களிலும் போட்டுக் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரைட்டர் ஒரு நகலைக் கொடுத்து, "இத்த மனப்பாடம் பண்ணிக்குங்க டீச்சர். கேட்டா ஆமான்னுடுங்க, போதும்" என்றார்.

படித்தேன். இன்னார் இடுப்பிலிருந்து போலீஸ் கத்தியை எடுத்ததை நான் நேரில் பார்த்தேனாம். அந்த இன்னார், என் கணவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வாராவாரம் அழைத்துப்போன ஆட்டோக்காரர். என் கணவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டவர். ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி அவர்கள் குடும்பத்தையும் ஊருக்கு வெளியே மாற்றியபோது, அதனால்தான் ஆளைக் காணோம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஜெயிலில் இருந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டரிடம் போனேன். வழக்கமாக எனக்கு டீ சொல்பவர், ஃபோனிலிருந்து நிமிரவே இல்லை. "கையெழுத்து உங்களுதுதானேம்மா?" என்றார். அதுவரை நான் டீச்சர். பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்காக வெயிலில் நின்ற ஒவ்வொரு நாளையும் நினைத்து அழுகையும் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டார்கள். ஜாக்கெட்டை அவர் மேஜை மேல் எறிந்துவிட்டு வந்தேன்.

கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். கத்தியையும் பார்க்கவில்லை, ஆளையும் பார்க்கவில்லை, வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன். அரசு வக்கீல் எரிந்து விழுந்து என்னைப் பிறழ் சாட்சி என்றார். சொல்லிக்கொள்ளட்டும். இறங்கும்போது நெஞ்சு லேசாகக்கூட இருந்தது.

வராந்தாவில் ஆட்டோக்காரரின் மனைவி வந்து என் எதிரே நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னா டீச்சர் இப்டி பண்ணிட்டீங்க? கேஸ் பேப்பர்ல உங்க கையெழுத்து கீதுன்னு எங்க வக்கீல் காட்டுனாரு. டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நான் நம்பிட்டேன். அது ஜெயில்ல அழுதுகினே சத்தியம் பண்ணிச்சு, நான் காதுல வாங்கல. அப்புறம் ஜாமீன்ல வர்ற வரைக்கும் நான் போய்ப் பாக்கவே இல்ல."

அவள் பின்னால் அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில், "சாருக்கு இப்ப எப்டி கீது?" என்று கேட்டார்.