மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது

ஒருவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டால், அது அவருக்கு நல்லதா, கெட்டதா? பத்து நாளாக இந்தக் கேள்வியோடுதான் அடுப்பை மூட்டுகிறேன், மகளுக்குத் தலை சீவுகிறேன், வேலைக்குப் போகிறேன். பதில் தெரியவில்லை.

திருநெல்வேலியில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ராதாபுரம், உவரி வரை உள்ள மெடிக்கல் கடைகளுக்கு எங்களிடமிருந்து பஸ்ஸில் பெட்டி பெட்டியாகச் சரக்கு போகிறது. ஆர்டர்கள் போனில் வரும். அவற்றை எடுக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் மேசைக்கு எதிர்மேசை. அந்தச் சம்பளத்தில்தான் அவருடைய மகள் பாளையங்கோட்டையில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

இந்த வருடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவது என்று முதலாளி முடிவு செய்தார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இனி கடைக்காரர்கள் செல்போன் செயலியிலேயே ஆர்டர் போடுவார்கள். எந்தப் பெட்டி எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடும். இந்த மாற்றத்துக்குத் திட்டம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

“நீங்கதாம்மா எம்.பி.ஏ. படிச்சிருக்கீய,” என்றார்.

தபாலில் படித்த படிப்பு. கடைசிப் பரீட்சையை ஏழு மாத வயிற்றோடு எழுதினேன். பாதி மறந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சாப்ட்வேர்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று கட்டங்கள்: என்ன வேலை, இப்போது செய்வது யார், இனிச் செய்வது யார். கடைசிப் பக்கத்தில் ஊழியர்களின் பட்டியல்; அங்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்றாவது கட்டத்தில், இனி அவருடைய பொறுப்பு என்ன என்று நிரப்ப வேண்டும். ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டேன்.

“அக்கா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செய்யுதீய? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? போன் எடுக்கேன். எழுதுதேன். பெட்டி கட்டச் சொல்லுதேன். அவ்வளவுதான்.”

“உவரிப் பெட்டி எப்படிப் போகும்?”

“பஸ்ல.”

“எல்லா நாளும் பஸ்லதானா?”

“ஆமா தாயி. பறந்தா போகும்?”

மூன்று வரிகள் எழுதினேன். முதல் இரண்டு வரிகளின் மூன்றாவது கட்டத்தில் ‘செயலி’ என்று அடித்தேன். கடைசிப் பக்கத்தில் அக்கா பெயருக்கு எதிரே பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன்.

முதல் வெள்ளோட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை என் மகளுக்கு உடம்பு சுட்டது. மருந்து கொடுத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தேன். விட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குப் போன் அடித்ததும் காப்பகம்தான் என்று பாய்ந்து எடுத்தேன். உவரிக் கடைக்காரர்.

“பெட்டி வரலியேம்மா. ஊசி போட வேண்டியவங்க நாலு பேரு கடைவாசல்ல நிக்காங்க.”

இன்சுலின் பெட்டி அது. தெர்மாகோலுக்குள் ஐஸ் வைத்துக் கட்டியது. செயலி சொன்ன பஸ்ஸில்தான் ஏற்றியிருந்தோம். நான் செயலியில் பஸ் நேரத்தைத் தேடினேன். அக்கா எழுந்து வந்து போனை வாங்கினார்.

“அண்ணே, நான்தான் பேசுதேன். பைய இருங்க, பதறாதீய. திசையன்விளையில நம்ம சரக்கு எடுக்குத கடை ஒண்ணு இருக்குல்லா, அங்கனருந்து நாலு ஊசி ஆட்டோவுல வருது. நிக்கவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லாதீய.”

வைத்ததும் திசையன்விளைக்குப் போன் போட்டு ஏற்பாடு செய்தார்; முக்கால் மணி நேரத்தில் ஊசி உவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் பெட்டி மறுநாள் காலை அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை உவரிக் கோவிலுக்குப் போகிற கூட்டம். நிற்க இடமில்லாததால் கண்டக்டர் அதை இன்ஜின் பக்கத்தில் வைத்து, இறக்க மறந்திருக்கிறார். திறந்தால் ஐஸ் உருகி வெந்நீர் மாதிரி இருந்தது. அத்தனையையும் எடுத்து ஒதுக்கினோம்.

“செவ்வாக்கிழமை பஸ்ல ஏத்தக் கூடாதும்மா,” என்றார் அக்கா.

“பின்ன எதுல அனுப்புவீய?”

“மீன் வண்டியில.”

உவரியிலிருந்து காலையில் மீன் ஏற்றிவரும் வண்டி, இறக்கிவிட்டு மதியம் காலியாகத் திரும்பும். அதில் ஐஸ் மிச்சம் இருக்கும். எத்தனையோ வருடமாகச் செவ்வாய்க்கிழமைப் பெட்டி அதில்தான் போயிருக்கிறது. அண்ணாச்சிக்கும் தெரியாது.

“ஏங்க்கா அன்னைக்குச் சொல்லல?”

“மருந்த மீன் வண்டியில அனுப்புதேன்னு சொன்னா நீ அத டைப் அடிச்சு அண்ணாச்சி கையில குடுப்பே. எனக்கு வேணுமா அது?”

“நாத்தம் பிடிக்காதா?”

“மூணு கவர் போட்டுச் சுத்துவேன். ஊசிமருந்து என்ன, கொழம்பா?”

எனக்கு அன்று ஒரு வேகம் வந்தது. இந்த அக்காவிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று அண்ணாச்சி பார்க்கட்டும், பார்த்தால் எப்படி விடுவார் என்று நினைத்தேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பிய நாட்களில், மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது, பின்னறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வருவேன். அந்த நேரத்தில் அண்ணாச்சி தேடினால், “ஸ்டாக் பாக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா,” என்று அக்காதான் சொல்வார். எந்தப் படிவத்திலும் அதற்கு வரி இல்லை.

இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அருகில் நோட்டோடு உட்கார்ந்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடவு தொடங்கினால் மூட்டுவலித் தைலமும் சேற்றுப்புண் களிம்பும் கேட்பதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். ராதாபுரத்துக் கடைக்காரர் ‘அவசரம்’ என்று சொன்னால் அவசரமில்லை; சொல்லாமல் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் அவசரம். பஸ் கிளம்பியதும் எந்தக் கண்டக்டர், என்ன அடையாளம் என்று கடைக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லச் சொல்ல அக்காவுக்கே உற்சாகம் வந்துவிட்டது. சாம்பார் சாதம் ஆறிப்போனது.

“இதெல்லாமா எழுதுதே?”

“எழுதணும்க்கா. அப்பத்தான் உங்க அருமை தெரியும்.”

பதினோரு பக்கம் வந்தது. அண்ணாச்சி முழுவதையும் படித்தார். மீன் வண்டிக்குக் கோபப்படுவார் என்று பயந்தேன். சிரித்தார்.

“இதத்தாம்மா நான் தேடிக்கிட்டு இருந்தேன். செவ்வாக்கிழமைன்னா மீன் வண்டின்னு உள்ள போட்டுட்டா, அதுவே சொல்லிரும்லா?”

“சொல்லும் அண்ணாச்சி.”

“கடைக்காரருக்கு மெசேஜும் போயிரும்?”

“போயிரும்.”

“பின்ன என்ன. அவங்க பேருக்கு எதிர்க்க என்னன்னு எழுதி, திங்கக்கிழமை குடுங்க. அவங்கள அனுப்பணும்னு நான் சொல்லல. வேலை இருந்தா இருக்கட்டும். இல்லாத வேலைய மட்டும் எழுதாதீய.”

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

‘பஸ், வண்டி ஏற்பாட்டுப் பொறுப்பு’ என்று எழுதினேன். எனக்கே அது ஒப்பவில்லை. அந்த ஏற்பாட்டைத்தான் நானே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டேனே. அழித்தேன். ‘கடைக்காரர் தொடர்பு’ என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அந்தப் பதினோரு பக்கத்தில் பாதி தவறு என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வாங்கினால் இன்னொரு செவ்வாய்க்கிழமை இன்னொரு பெட்டி வேகும். உவரியில் நான்கு பேர் ஊசிக்காக நிற்பார்கள். அக்கா சொல்லும்வரை மீன் வண்டியே மெஷினுக்குத் தெரியவில்லை, ராதாபுரத்துக்காரர் குரலை அது எப்படிக் கண்டுபிடிக்கும் என்று வாதாடலாம். அதையும்தான் எழுதிவிட்டேன்: இரண்டு அழைப்பு வந்தால் அவசரம்.

“நீ எழுதலேன்னா வேற ஆளு எழுதப் போறான்,” என்றார் என் கணவர். சரிதான். ஆனால் வேறு ஆளிடம் அக்கா மீன் வண்டியைச் சொல்லியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அக்கா என் மேசையில் கைவைத்து நின்றார்.

“எம்பேரு வர்ற எடத்துல என்ன எழுதியிருக்கே?”

“இன்னும் அந்தப் பக்கம் வரலக்கா.”

“நல்லதா எழுது,” என்று சொல்லிவிட்டு, என் மகளுக்கு என்று ஒரு கொய்யாப்பழத்தை என் பைக்குள் போட்டார்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கினேன். அவளுக்குக் காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது. பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேனே என்று அது வேறு உறுத்துகிறது. அந்த வாரத்தில் இன்னும் மூன்று நாள்தான் மிச்சம்.

இதைப் படிக்கிறவர்களில் கடையோ ஆபீஸோ கம்ப்யூட்டருக்கு மாறும்போது உள்ளே இருந்தவர்கள் இருப்பீர்கள். பட்டியல் எழுதியவர்களும் இருப்பீர்கள், பட்டியலில் பெயர் வந்தவர்களும் இருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் பொய்யில்லாமல் என்ன எழுதலாம்? எழுதுவதற்கு முன் அக்காவிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டுமா? உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வந்தவர்கள் முதலில் சொன்னால் நல்லது.