தொழுவத்தில் உள்ள ஆண் கழுதைகள் அனைத்தும்

தெரு அவளுக்கு வைத்த பெயர் கட்டெறும்பு. ஆள் கறுப்பு, குள்ளம், ஒரு இடத்தில் நிற்காத ஓட்டம். ஆனால் பெயர் அதற்காக வந்ததில்லை. கடித்தால் விடமாட்டாள், அதற்காக வந்தது.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், இவள் பென்சிலைத் திருடிவிட்டதாகப் பொய்ப் புகார் சொல்லி அடி வாங்கிக் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போய், பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு பென்சிலைப் பரிசாகக் கொடுத்து, சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வந்தவள் இவள். சட்டையை இறுக்கமாகத் தைத்துவிட்டு "நீங்கதான் குண்டாயிட்டீங்க" என்று சொன்ன தையல்காரரிடம் பதினோரு வருஷம் பேசவில்லை. அவர் கடையை மூடிய அன்றைக்கு மட்டும் வாசலில் நின்று, "நல்ல காரியம் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இப்படி ஒருத்தியிடம்தான் அவளுடைய கொழுந்தன் வாலாட்டினான். ஆளைத் தெரிந்தும் வாலாட்டினான் என்பதுதான் விசேஷம்.

புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக நடத்திய சின்னப் பண்ணை, நடுவில் ஒரு கம்பி வேலியோடு இரண்டாகப் பிரிந்தது. தொழில் ஒன்றுதான்: வண்டி ஏறாத மலைப்பாதைகளில் சுமை தூக்கக் கழுதை வளர்த்துக் கொடுப்பது. அவள் பக்கம் ஆறு பெட்டை, இரண்டு இளம் ஆண் கழுதை, தகரக்கூரை போட்ட பெரிய தொழுவம். அவன் பக்கம் நாலு பெட்டை. அப்புறம் மைனர்.

மைனர் என்பது ஒரு கழுதை. சுற்று வட்டாரத்தில் பெட்டைகளைச் சினையாக்க, பொலிக்கென்று இருந்த ஒரே ஆண் கழுதை. நல்ல உயரம், பளிங்கு மாதிரி உடம்பு, குணம் மட்டும் நாறல். கடிக்கும், உதைக்கும், வேலியை முறிக்கும். நாலா பக்கத்திலிருந்தும் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு வந்து கொழுந்தன் வாசலில் கைகட்டி நிற்பார்கள். ஏதோ தானே அந்தக் காரியத்தைச் செய்து கொடுப்பதுபோல அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். "என் மைனர் மனசு வெச்சாத்தான் அண்ணி உங்க தொழுவத்துல குட்டி" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பான்.

வாரத்தில் ஒரு நாள் அவன் சந்தைக்குப் போவான். அவன் பெண்டாட்டிக்கு மைனர் என்றால் குலை நடுங்கும். ஒரு தடவை உதை வாங்கி மாதக்கணக்கில் நொண்டியவள். அதனால் சந்தை நாளில் விடியும்போதே மைனரை ஓட்டிவந்து அண்ணியின் தொழுவத்தில் அடைத்துவிட்டுப் போய்விடுவான். கேட்பதெல்லாம் கிடையாது. கதவைத் திறப்பான், தள்ளுவான், தாழ்ப்பாள் போடுவான், போவான்.

அப்படி ஒரு சந்தை நாளில்தான் மைனர் தடுப்புப் பலகையை உடைத்துக்கொண்டு போய், பிறந்து ஒன்பது நாளான குட்டியை மிதித்துக் கொன்றது. அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய்க் கழுதை இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் வந்த கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "குட்டிதானே அண்ணி, அடுத்த வருஷம் இன்னொண்ணு போடும்" என்றான். பல்லில் குச்சி வைத்துக் குத்திக்கொண்டே சொன்னான். அந்தக் குச்சியைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தாள்: இனி அவன் வாசலில் போய் நிற்பதில்லை. அவளிடம் இருந்த இரண்டு இளம் ஆண் கழுதைகளில் ஒன்று காது தொங்கியது, கால் வளைந்தது; அதற்குக் காயடித்துச் சுமைக்குப் பழக்குவதாக இருந்தாள். இன்னொன்று கருவாயன். மூக்கு வெளுக்காமல் மூஞ்சி முழுக்கக் கறுப்பு, இரும்பு மாதிரிக் கால். இரண்டரை வயது. அவன் பொலிக்கு வந்துவிட்டால் மைனரும் வேண்டாம், மைனரின் எஜமானும் வேண்டாம். அவளுடைய பிழைப்பே அந்தக் கருவாயனை நம்பித்தான் இருந்தது.

இது கொழுந்தனுக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், வேலிக்குக் காது உண்டு.

ஒரு நாள் மத்தியானம் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "நாளன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வராங்க. காய்ஞ்ச, சுத்தமான இடமா ஒதுக்கி வைங்க. பிடிக்கறதுக்கு ஆள் வேணும்."

"எதுக்குங்க?"

"காயடிக்கத்தான். உங்க வீட்டுக்காரர் தம்பி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரே? 'அண்ணியின் தொழுவத்தில் உள்ள ஆண் கழுதைகள் அனைத்தும்'னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. இந்த வாரம் எந்த நாள்னாலும் சரின்னாரு, நாங்கதான் தேதி குறிச்சோம்."

பண்ணை இன்னும் புருஷன் பெயரில் இருந்தது. தம்பி என்ற முறையில் இவன் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தொங்கு காது, கருவாயன் என்று எண்ணி எழுதக்கூட அவனுக்குச் சோம்பல். அவள் பொருள்தானே, மொத்தமாக வாரிப் போட்டுவிட்டான்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வேண்டாம், வராதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். நாளன்னைக்குச் சந்தை நாள்.

"சரிங்க, வரச் சொல்லுங்க" என்றாள். குரல் தேன் மாதிரி வந்தது.

முதல் நாளே கருவாயனையும், துணை இல்லாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டுவான் என்பதால் ஒரு பெட்டையையும், பின்பக்க வழியாக மரம் அறுக்கும் பட்டறைக்கு ஓட்டிப் போய்க் கட்டினாள். பட்டறைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. கட்டெறும்பிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

மறுநாள் விடியும்போது தொழுவத்துக் கதவு திறந்தது. மைனர் தள்ளப்பட்டான். தாழ்ப்பாள் விழுந்தது. கொழுந்தனின் செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. அவள் படுக்கையில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். இத்தனை நாளும் அவளை எரிச்சலில் எழுப்பிய சத்தம், அன்றைக்கு மட்டும் காதில் குளிர்ந்தது.

ஒன்பது மணிக்கு, ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வேனில் வந்து இறங்கினார். கூட மருந்துப் பெட்டி தூக்க ஓர் உதவியாளர். தொழுவத்தை எட்டிப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இது ரெண்டும்தானாம்மா?"

"தொழுவத்துல இருக்கறது இதுதாங்க."

தொங்கு காதுக்கு முதலில் முடிந்தது. மைனரிடம் வந்ததும் டாக்டரம்மா தயங்கினார். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டே, "இவ்வளவு நல்ல கழுதையா இருக்கு, பொலிக்கு வெச்சுக்கலாமே. ஏன் காயடிக்கறீங்க?" என்றார்.

ஒரு பொய் சொன்னால் போதும். ஆனால் பொய் சொல்லி ஜெயித்தால் அது அவன் ஜெயித்த மாதிரி. "ஒன்பது நாள் குட்டியை மிதிச்சுக் கொன்னுது டாக்டரம்மா" என்றாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பில்லை.

டாக்டரம்மா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கழுத்து நரம்பில் ஊசியைப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மைனரின் தலை தொங்கியது, உதடு தொங்கியது, முட்டி மடிந்து சரிந்தான். அவள் அவன் கண்மேல் துண்டைப் போட்டுத் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதவியாளர் பின்னங்காலைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். "கழுதைக்கு ரத்தக்குழாய் தடிமன், சும்மா இடுக்கி போட்டா போதாது" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா நூல் போட்டுக் கட்டினார், இடுக்கியால் நசுக்கினார், வெட்டினார். விதை இரண்டும் சொத்தென்று வாளியில் விழுந்தன. ஊரெல்லாம் கைகட்டி நின்றது அதற்காகத்தான். அவள் வாளியை எட்டிப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். கொழுந்தனின் நெஞ்சு நிமிர்வு மொத்தமும் உள்ளே கிடந்தது.

"காயத்தைத் தைக்கலை, வடியணும். நாளையிலிருந்து ரெண்டு வாரத்துக்குக் காலையும் மாலையும் இருபது நிமிஷம் நடத்தணும். நடத்தாட்டி வீங்கிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கை கழுவினார்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். தொழுவத்துக்குள் போனவன் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என் மைனரை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க அண்ணி!"

"நான் என்ன தம்பி பண்ணினேன்? கையெழுத்துப் போட்டது நீங்க." டாக்டரம்மா விட்டுப்போன நகலை நீட்டினாள். "அனைத்தும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. உங்களுக்குக் கையெழுத்து அழகா வருது."

அவன் படித்தான். மறுபடி படித்தான். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, கால்களை அகட்டி நின்ற மைனரை இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் வயிறு முட்டச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் வந்த இரண்டு வாரமும் அவள் வாழ்க்கையிலேயே பொன்னான நாட்கள். பெண்டாட்டி கிட்டப் போக மாட்டாள், ஆகவே அவனேதான் நடத்தியாக வேண்டும். காலையும் மாலையும் மைனர் பின்னங்கால்களை அகட்டி அகட்டி வைத்துத் தெருவில் வருவான், கயிற்றைப் பிடித்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொழுந்தன் வருவான். இவள் வாசலில் முக்காலி போட்டுக் கீரை ஆய்ந்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் ஆய்ந்த கீரையைத் தின்ன ஒரு கல்யாண வீடு வேண்டும். மூலைக்கடை முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, "என்னய்யா, மைனர் ரிட்டயர் ஆயிட்டாரா?" என்று தினம் ஒரு தடவை கேட்டார். தினமும் அதே கேள்வி, தினமும் அவளுக்குப் புதுசாக இனித்தது.

காயம் பார்க்க வந்த டாக்டரம்மா மட்டும் திரும்பும்போது அவள் வாசலில் வேனை நிறுத்தினார். "அது உங்க கழுதை இல்லைன்னு நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கணும்மா" என்றார். அந்த ஒரு பேச்சுக்கு அவள் தலை குனிந்தது. வேன் போனதும் நிமிர்ந்துகொண்டது.

நாலு மாதம் ஓடியது. கருவாயன் பொலிக்கு வந்தான். பெட்டைகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் இப்போது அவள் வாசலுக்கு வந்தார்கள். எல்லாம் அவள் நினைத்தபடிதான். ஆனால் கருவாயனுக்கும் தான் யார் என்பது தெரிந்துவிட்டது. வேலியை முறித்தான். வாளியை உதைத்தான். ஒரு நாள் தண்ணீர் காட்டப் போனவளின் முன்கையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. கட்டெறும்பையே கடித்துப் பிடித்துக்கொள்கிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. ஏழு தையல். கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வாசல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தெருவில் மைனர் வந்தான். இரண்டு பக்கமும் தண்ணீர்க் கேன் தொங்க, அசைந்து அசைந்து வந்தான். கயிற்றைப் பிடித்திருந்தது கொழுந்தன் இல்லை, அவன் பெண்டாட்டி. கயிறுகூடச் சும்மாதான் தொங்கியது. கழுதை அவள் தோளை உரசிக்கொண்டு தானாகவே நடந்தது. கொஞ்சம் பின்னால் கொழுந்தன், கையை வீசிக்கொண்டு, யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். தலை தொங்கவில்லை.

ஓரகத்தி வாசலில் நின்றாள்.

"கையில என்னக்கா கட்டு?"

"கதவுல மாட்டிக்கிச்சு."

உள்ளே கருவாயன் பலகையை உதைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கேட்டார்கள், இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

ஓரகத்தி புருஷன் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். இதுக்குக் காயடிச்சுடுங்கன்னு ரெண்டு வருஷமா இவரு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன், காதுலயே போட்டுக்கலை. இப்ப என்னடான்னா, எங்க பாப்பாகூட இது மேல படுத்துத் தூங்குது. சுமைக்கும் விடறோம். இவரே இப்ப இதைக் கொஞ்சிக்கிட்டுத் திரியறாரு. நீங்க மட்டும் அன்னிக்கு அப்படிச் செய்யலைன்னா, நான் இன்னும் பயந்துதான் செத்துக்கிட்டிருப்பேன். தொட்டுப் பாருங்கக்கா, ஒண்ணும் செய்யாது."

மைனர் தானாகவே தலையை நீட்டி, கட்டுப் போட்ட அவள் கையை மூக்கால் மெல்ல முகர்ந்து பார்த்தான். அவள் மடியில் அழுத்திப் பிடித்திருந்த அதே தலை. வெதுவெதுப்பான மூச்சு விரல்மேல் பட்டது.

"எந்தக் காலத்துல யாருக்கு எது நல்லதுன்னு உங்களுக்குத்தான்க்கா தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி நடந்தாள். கழுதை பின்னாலேயே போனது.

அவள் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கை வலி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். இவ்வளவு பெரிய நல்ல காரியத்தை, போயும் போயும் அவனுக்கு, தன் கையாலேயே தலையைப் பிடித்துச் செய்து கொடுத்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.